பிரியும்போது வீடு யாருக்கு, நகை யாருக்கு?

வாசகர் கேள்விகளுக்குக் குடும்பநல வழக்கறிஞரின் பதில்கள்

பரஸ்பர சம்மத விவாகரத்தைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் சொத்தில்தான் வந்து நிற்கின்றன. “விவாகரத்து ஆனால் அவர் சொத்தில் பாதி எனக்கு வரும்தானே?” என்று பெண்கள் கேட்கிறார்கள். “பாதி கொடுத்தே ஆகவேண்டுமா?” என்று ஆண்கள் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு பாதிக் கணக்கு நம் சட்டத்தில் இல்லை. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் எதிலும் தம்பதியின் சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் பிரிவு கிடையாது. கோவா போன்ற ஓரிரு பகுதிகளில் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற 1867-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் இருப்பதால், திருமணத்தோடு சொத்து பொதுவாகிறது. மற்ற இடங்களில் பத்திரம் யார் பெயரில், பணம் யாருடையது, அதற்குக் காகிதம் என்ன என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.

ஜீவனாம்சம் தனி வழி. அதற்குச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. இந்த இரண்டு வழியையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. 2012-இல் திருமணம். 2016-இல் என் பெயரும் கணவர் பெயரும் சேர்த்து அடுக்குமாடி வீடு வாங்கினோம். கடனும் இருவர் பெயரில்தான். தவணை முழுவதும் அவருடைய சம்பளக் கணக்கிலிருந்து போகிறது. மளிகை, மகனின் பள்ளிக் கட்டணம், மாமனாரின் மருந்துச் செலவு எல்லாம் என் சம்பளத்தில். வீட்டுக்கு முன்பணம் கட்ட என் நகையில் 20 பவுனை அடகு வைத்தோம்; அதை மீட்கவே இல்லை. மீதி 35 பவுன் மாமியார் பெயரில் உள்ள லாக்கரில் இருக்கிறது. ஒன்றரை வருடமாகப் பிரிந்து வாழ்கிறோம். இப்போது அவர், “தவணை கட்டியது நான், உனக்கு வீட்டில் ஒரு செங்கல்கூட இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ” என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் சகோதரி. உங்கள் பெயர் கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. அதை அவர் வாயால் அழிக்க முடியாது.

ஆனாலும் அவர் வாதத்தில் சட்டத்தின் வாசனை கொஞ்சம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் நீங்கள் தடுமாறாமல் இருப்பீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய சொத்தில் அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு என்கிறது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், சம பங்கு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அவர் தன் வங்கிக் கணக்கை நீட்டுவார். நீங்களும் நீட்ட வேண்டும். நகை அடகுச் சீட்டு, அந்தப் பணம் கட்டுமான நிறுவனத்துக்குப் போன தேதி, பள்ளிக் கட்டண ரசீதுகள், உங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் மளிகைக்கும் மருந்துக்கும் போன தொகை என எல்லாவற்றையும் 2016-லிருந்து எடுங்கள். வங்கியில் பழைய அறிக்கை கேட்டால் தருவார்கள். அவர் சம்பளம் தவணைக்கு மிச்சமானதே உங்கள் சம்பளம் வீட்டுக்குப் போனதால்தான். இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஆதாரமும் உண்டு.

இந்த இடத்தில் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பும் சமமான பங்களிப்புதான் என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பல வருடங்களாக நாங்கள் வாதாடிவந்ததை ஒரு நீதிபதி எழுத்தில் வைத்தார். ஆனால் அது ஒற்றை நீதிபதியின் தீர்ப்பு, அந்த வழக்கின் உண்மைகளை ஒட்டியது. அதைக் காட்டி எல்லா விவாகரத்திலும் பாதி வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் வழக்கில் அது துணைக்கு நிற்கும். முதுகெலும்பு உங்கள் பெயருள்ள பத்திரமும் அடகுச் சீட்டும்தான்.

அடுத்து, இதைவிடப் பெரிய ஆபத்து கடன். வீட்டுக்கடன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் முழுக் கடனுக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. “இனி தவணையைக் கணவர் கட்டுவார்” என்று விவாகரத்து ஒப்பந்தத்தில் எழுதி, நீதிபதி முத்திரை வைத்தாலும், அந்த வழக்கில் தரப்பாக இல்லாத வங்கியை அது கட்டுப்படுத்தாது. அவர் ஆறு மாதம் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும், உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். நாளை நீங்கள் தனியாக ஒரு சிறிய வீட்டுக்குக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். பிரிந்து போன ஒருவரின் நாணயத்தை நம்பி உங்கள் பெயரைக் கடனில் விட்டுவைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அதனால் இரண்டு வழிதான். வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பது ஒன்று. மற்றது, ஒருவர் வைத்துக்கொண்டு இன்னொருவருக்குப் பணம் கொடுப்பது. கணக்கை இப்படிப் போடுங்கள். வீட்டின் இன்றைய சந்தை மதிப்பு 70 லட்சம், கடன் பாக்கி 28 லட்சம் என்றால், பிரிக்க இருப்பது 42 லட்சம். சம பங்கு என்றால் ஆளுக்கு 21. விற்பதானால் தரகு, மூலதன ஆதாய வரி இரண்டையும் கழித்துவிட்டுப் பிரியுங்கள். பலர் சந்தை மதிப்பில் பாதி என்று பேசி ஒப்பந்தம் போட்டுவிட்டு, கடனையும் வரியையும் யார் தலையில் வைப்பது என்று மறுபடி நீதிமன்ற வாசலுக்கு வருகிறார்கள். அந்த 20 பவுனை இந்தக் கணக்குக்குள் கரைத்துவிடாதீர்கள். அது தனி. அதற்குக் கீழே வருகிறேன்.

வீட்டை அவர் வைத்துக்கொள்கிறார் என்றால் வரிசை முக்கியம். முதலில் வங்கி: அவர் வருமானத்தை மட்டும் வைத்துக் கடனைத் தொடர ஒப்புக்கொண்டு உங்கள் பெயரை நீக்க எழுத்தில் சம்மதம் தர வேண்டும், அல்லது அவர் வேறு வங்கியில் புதுக்கடன் வாங்கி இதை அடைக்க வேண்டும். இரண்டாவது, உங்களுக்கு வரவேண்டிய தொகை டி.டி.யாகக் கைக்கு வர வேண்டும். அதன்பிறகுதான் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம், அதாவது உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். இந்தப் பதிவை விவாகரத்து ஆணைக்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எழுதப்படும் செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகையும் உச்சவரம்பும் உண்டு. ஆணை வந்த மறுநாள் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் குடும்பம் இல்லை. அந்த ஒருநாள் வித்தியாசம் லட்சங்களில் போய் நிற்கும்.

நகைக்கு வருகிறேன். தாய்வீட்டில் போட்டதும், மாமியார் வீட்டில் போட்டதும், உறவினர்கள் உங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததும் சீதனம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவுப்படி அது உங்கள் முழுச் சொத்து. 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், கணவர் வீட்டார் கையில் சீதனம் இருந்தால் அவர்கள் அதை நம்பிக்கையின்பேரில் வைத்திருப்பவர்கள் மட்டுமே, திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த தீர்ப்பு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. கேரளத்துப் பெண் ஒருவரின் 89 பவுன் நகையைக் கணவரும் மாமியாரும் தங்கள் கடனுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். சீதனம் தம்பதியின் கூட்டுச் சொத்து ஆகாது, நெருக்கடியில் கணவர் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி, 25 லட்ச ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே உங்கள் 20 பவுனை 2016-இன் விலைக்கு முடிக்க அவர் பேசினால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பொன்னாகவே கேளுங்கள்.

லாக்கரில் உள்ள 35 பவுனுக்கு உடனே ஒரு வேலை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 18-ஆம் பிரிவில், சீதனத்தை விற்கவோ மாற்றவோ கூடாது என்று நீதித்துறை நடுவர் தடை போடலாம். 19-ஆம் பிரிவில் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிடலாம். நகைக்கு பில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். திருமண ஆல்பம், வீடியோ, நகைக்கடையின் பழைய மதிப்பீட்டுச் சீட்டு, அடகு வைத்தபோது எடை குறித்த சீட்டு, சாட்சி சொல்லத் தயாராக இருக்கும் அத்தையோ சித்தியோ, எல்லாம் சேர்ந்தால் கதை முழுமையாகும். ஆல்பத்தை முதலில் உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: இருபது வருடக் குடும்பம். நான் வேலைக்குப் போனதில்லை. வீடு மாமியார் பெயரில், நிலம் தாத்தா சொத்து, கடை கணவர் பெயரில். இப்போது ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு இருவரும் சம்மதித்து விலகலாம், ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக்கொள்வோம் என்கிறார்கள் பெரியவர்கள். “கோர்ட்டுக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது” என்று பயமுறுத்துகிறார்கள். பெண் கல்லூரியில், பையன் பத்தாவது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. அந்த ஐந்து லட்சத்தை யார் கணக்குப் போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேளுங்கள். பதில் வராது.

ஸ்டாம்பு பேப்பரில் பத்துப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டாலும் திருமணம் முறியாது. சமூக வழக்கமாக நிரூபிக்கப்பட்ட விலக்குகளை மட்டும் சட்டம் ஏற்கும், நிரூபிப்பது கடினம். மற்றவர்களுக்கு நீதிமன்ற ஆணைதான் விவாகரத்து. பரஸ்பர சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் மனு, பிறகு ஆறு மாத இடைவெளி, பிறகு இரண்டாவது முறை இருவரும் வந்து சொல்வது. இந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைவிட உங்களுக்கு முக்கியமானது 1991-இல் அதே நீதிமன்றம் சொன்னது: ஆணை வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முதல் மனுவில் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை.

சொத்தில் எது உங்களைச் சேரும்? நேர்மையாகச் சொல்கிறேன். மாமியார் பெயரில் உள்ள வீட்டில் உங்களுக்குப் பங்கு இல்லை. தாத்தா நிலத்தில் கணவருக்கு உள்ள பங்கிலும் அவர் உயிரோடு இருக்கும்போது உங்களுக்குப் பங்கு இல்லை. அது பூர்விகச் சொத்தாக இருந்தால் உங்கள் பெண்ணுக்கும் பையனுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. தமிழ்நாடு அதை மகள்களுக்கு 1989-லேயே கொடுத்தது, 2005-இல் நாடு முழுவதும் வந்தது. பிள்ளைகளின் அந்த உரிமையை உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். கூடாது. விவாகரத்து உங்களுக்கும் கணவருக்கும்தான். அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் விவாகரத்து இல்லை.

பங்கு இல்லை என்பதால் வெளியே போ என்று சொல்லிவிடவும் முடியாது. நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும், குடும்ப வன்முறைச் சட்டத்தில் அது ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’ ஆகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வன்முறை இருந்திருந்தால் நடுவர் முன்னால் வசிப்பு உத்தரவு கேட்கலாம், அல்லது அதே தரத்தில் வாடகை வீடு கேட்கலாம். அது உடைமை ஆகாது, தங்கும் உரிமைதான். ஆனால் பேரம் பேசும் மேசையில் அந்த உரிமைக்குப் பெரிய எடை உண்டு.

இனி முக்கியமான வழி, நிரந்தர ஜீவனாம்சம். இந்து திருமணச் சட்டம் 25-ஆம் பிரிவு. கணவரின் வருமானம், சொத்து, உங்கள் வயது, நீங்கள் வேலையை விட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்த வருடங்கள், பிள்ளைகளின் படிப்பு, இதுவரை வாழ்ந்த தரம் எல்லாம் பார்ப்பார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் செய்த பெரிய உதவி, இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன், வருமானம், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. கடையின் ஜி.எஸ்.டி. கணக்கு, வருமான வரி அறிக்கை, வங்கிக் கணக்கு எல்லாம் அதில் வெளியே வரும். மறைத்தால் பொய்ப் பிரமாணத்துக்குத் தனி நடவடிக்கை. இடைக்கால ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்கள் நஷ்டம்.

சம்பளத்தில் 25 சதவீதம் என்று ஒரு பேச்சு உண்டு. 2017-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் நிகரச் சம்பளத்தில் அந்த அளவு நியாயம் என்றது உண்மை. அதைச் சூத்திரமாக எல்லோருக்கும் போடுவதில்லை. கடைக்காரருக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் வாழ்க்கைத் தரத்தைக் காட்டித்தான் வாதாட வேண்டும். வண்டி, பிள்ளைகளின் கல்லூரி, வீட்டு விசேஷங்களுக்குச் செய்த செலவு ஆகியவற்றைத் தேதியோடு எழுதிவையுங்கள்.

மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா? உங்கள் நிலையில் நான் மொத்தத் தொகையின் பக்கம். காரணம் ஒன்று, மாதப் பணம் நின்றால் ஒவ்வொரு தடவையும் நிறைவேற்று மனு போட்டு வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும். இன்னொன்று வரி: ஒரே தவணையாக வரும் ஜீவனாம்சத்தை வருமானமாகப் பார்க்காமல் மூலதன வரவாகவே நீதிமன்றங்கள் பார்த்துவந்திருக்கின்றன, மாதாமாதம் வருவது வருமானமாகக் கருதப்படும். மொத்தமாகத் தர அவரிடம் இப்போது பணம் இல்லை என்றால், 25-ஆம் பிரிவே ஒரு வழி வைத்திருக்கிறது: அவருடைய அசையாச் சொத்தின்மீது அந்தத் தொகைக்குப் பொறுப்பு ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஆணை வில்லங்கச் சான்றில் ஏறிவிட்டால் உங்களுக்குக் கொடுக்காமல் அவர் அதை நிம்மதியாக விற்க முடியாது. இந்தப் பிரிவை ஏனோ பல வக்கீல்கள் மனுவில் கேட்பதே இல்லை. நீங்கள் கேட்கச் சொல்லுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

கேள்வி: நான் 2018-இல் என் சம்பளச் சேமிப்பில் மனைவி பெயரில் ஒரு மனை வாங்கினேன். இப்போது அவர்தான் விவாகரத்து கேட்கிறார், மனையும் தனக்கே என்கிறார். அவர் என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறார். ஆண்களுக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லையா?

பதில்: இருக்கிறது தம்பி, ஆனால் உங்கள் மனை விஷயம் எளிதாக இருக்காது. பினாமி தடைச் சட்டத்தில், தெரிந்த வருமானத்திலிருந்து ஒருவர் தன் மனைவி பெயரில் வாங்கும் சொத்துக்கு விலக்கு உண்டு. அதனால் “இது என் பணம், நான்தான் உரிமையாளர்” என்று வழக்குப் போடுவதற்கே தடை இல்லை. நிரூபிக்கும் சுமை மட்டும் முழுவதும் உங்கள் தோளில். பணம் உங்கள் கணக்கிலிருந்து போனது என்று காட்டினால் மட்டும் போதாது. வாங்கியபோது உங்கள் எண்ணம் என்ன, மனைவிக்குக் கொடுக்கவா, பெயருக்கு மட்டும் வைக்கவா என்று நீதிமன்றம் பார்க்கும். மூலப் பத்திரம் யார் கையில், வரி யார் கட்டுகிறார்கள், வேலி யார் போட்டார்கள் என்பதெல்லாம் வரும். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கியதாக வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தீர்கள் என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது.

அதனால் மத்தியஸ்தத்தில் பேசுங்கள். குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகர் முன்னால் பேசும்போது, மனையின் கிரயத் தொகையையாவது திருப்பித் தரவோ, மனையை நிரந்தர ஜீவனாம்சத்துக்கு ஈடாக எடுத்துக்கொண்டு வேறு கோரிக்கை இல்லை என்று எழுதவோ கேட்கலாம். ஜீவனாம்சம் பற்றி: இந்து திருமணச் சட்டத்தின் 24, 25 பிரிவுகள் கணவனும் கேட்கலாம் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. நீங்கள் வேலையில் இருக்கும்வரை கிடைப்பது அரிது. ஆனால் உங்களைவிட அதிகம் சம்பாதிக்கும் மனைவிக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய தொகையைக் குறைக்க அவருடைய சொத்துப் பிரமாணப் பத்திரமே உங்களுக்கு உதவும். குழந்தை இருந்தால் அதன் செலவு இருவரும் வருமானத்துக்கேற்பப் பகிர வேண்டியது. அதில் பேரம் வேண்டாம்.

கேள்வி: விவாகரத்து முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. பி.எஃப்., காப்பீடு எல்லாவற்றிலும் முன்னாள் மனைவி பெயர்தான் வாரிசுதாரராக இருக்கிறது. தானாக மாறிவிடுமா?

பதில்: மாறாது. நியமனத்தை, அதாவது நாமினி பெயரை, நீங்கள்தான் மாற்ற வேண்டும். பி.எஃப். இணையதளத்தில் உள்நுழைந்து புது நியமனம் போடுங்கள். காப்பீட்டு அலுவலகம், வங்கி வைப்பு, மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. கூட்டுக் கணக்கு இன்னும் ‘இருவரில் ஒருவர்’ என்ற முறையில் இருந்தால் அதையும் மூடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் 1874-இன் 6-ஆம் பிரிவின் கீழ் மனைவி நலனுக்காக என்று குறிப்பிட்டு எடுத்த பாலிசி இருந்தால், அது அவருக்கான அறக்கட்டளை. அதை நீங்கள் நினைத்தபடி மாற்ற முடியாது. பாலிசிப் பத்திரத்தில் அந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு விவாகரத்து ஆகி, மறுமணமும் செய்துகொண்டு வெளிநாட்டில் இருக்கிறாள். முதல் திருமணத்தில் நான் போட்ட நகைகளை அந்த வீட்டார் இன்னும் திருப்பித் தரவில்லை. மகளுக்கு வழக்கு வேண்டாமாம். என் உழைப்பில் சேர்த்த நகை. நான் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது ஐயா. ஒவ்வொரு பவுனையும் எந்த வருட போனஸில் வாங்கினீர்கள் என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கொடுத்த அன்றே அது மகளுடையதாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: மகள் உயிரோடு, தானே முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போது, அவள் அதிகாரம் கொடுக்காமல் தந்தை சீதனத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அந்த வழக்கிலும் மகள் மறுமணம் செய்துகொண்டு வெளிநாட்டில்தான் இருந்தார்.

ஆகவே மகளிடம் பேசுங்கள். அவளுக்கு வேண்டாம் என்பது நகையா, வழக்கின் அலைச்சலா என்று கேளுங்கள். பெரும்பாலும் அலைச்சல்தான். அப்படியென்றால் அவள் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் உங்கள் பெயருக்கு ஓர் அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பட்டும். அதற்குமுன், அவளுடைய விவாகரத்து ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, பொருள்கள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்” என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தால், தூதரகச் செலவுகூட வீண். அப்படி வரி இல்லையென்றால் தயங்க வேண்டாம். சீதனத்தைத் தராமல் வைத்திருப்பது தொடரும் குற்றம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். அதன்பிறகு உங்கள் வழக்கறிஞர் மூலம் நகைப் பட்டியலோடு முதல் நோட்டீஸை அனுப்பலாம்.